இரண்டு கணினி, ஒரே நோயாளி

2005இல் தீவுப் பகுதியான ஊர்காவற்றுறையில் ஒரு தொண்டு நிறுவனத்தின் மருத்துவ நிலையத்தில் நானும் ஜெனீற்றாவும் நோயாளிகளைப் பதிந்தோம். ஆளுக்கொரு கணினி. பதிவுக்கான வலைச்செயலியை எழுதியவன் சுஜிதன். கொழும்பில் படித்தவன் என்பதை வரும்போதெல்லாம் நாலு தடவை சொல்லிவிடுவான்.

ஒரு திங்கட்கிழமை ஜசிந்தா வந்து, தகப்பன் பஸ்ரியாம்பிள்ளையின் மருந்து அட்டையை என் மேசையில் வைத்தாள்.

"அக்கா, அப்பாவுக்கு ஆறு மாசமாம். வாசிச்சுப் பாருங்கோ."

அவள் சிரிக்கவில்லை. பெயர் அவருடையது, கீழே, ஆறு மாதக் கர்ப்பிணி, இரும்புச்சத்துக் குளிசை. ஆங்கில அட்டை அவருக்கு வாசிக்கத் தெரியாது. நீரிழிவுக்காரர் தன் மருந்துக்குப் பதில் இரண்டு வாரம் அந்தக் குளிசையையே விழுங்கி, இறங்குதுறையில் மயங்கி விழுந்து, யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அட்டையை அச்சடித்துக் கொடுத்தவள் நான். நானும் அதை வாசிக்கவில்லை.

அடுத்த நாள் சுஜிதன் வந்தான். ஒரு கணினியில் தனியே இருந்து நாலு பேரைப் பதிந்தான்.

"எல்லாம் சரியாத்தானே வேலை செய்யுது. நீங்கள்தான் மாறி அமத்தியிருப்பியள். தீவாருக்கு முதல்ல மவுஸ் பிடிக்கப் பழக்கவேணும்."

"ஓம், பழக்கும்," என்றேன். "இப்ப பஸ்ரியாம்பிள்ளையைத் திறவும். ஜெனீற்றா, அண்டைக்கு நீ பதிஞ்ச துஷாந்தியை மற்றதிலை திற. அவளுக்குத்தான் ஆறு மாசம். சரி, சுஜிதன், நீர் இப்ப அட்டையை அடியும்."

பஸ்ரியாம்பிள்ளை மறுபடியும் கர்ப்பமானார்.

அவன் கழுத்து சிவந்தது. நிரலைத் திறந்து நெடுநேரம் பார்த்தான். யார் எந்த நோயாளியைத் திறந்திருக்கிறார் என்பதை ஆளுக்கு ஆள் வேறாக வைக்காமல், எல்லோருக்கும் பொதுவான ஒரே இடத்தில் வைத்திருந்தான். கடைசியாகத் திறக்கப்பட்டவர் யாரோ, அவரே எல்லோருக்கும் நோயாளி; அட்டையில் பெயர் மட்டும் அவரவர் திரையிலிருந்து வந்தது.

"நான் தனியத்தானே சோதிச்சனான்," என்றான் மெல்ல.

"இஞ்ச ரெண்டு கணினி இருக்கிறது உமக்குத் தெரியாதோ?"

அன்றே திறந்த நோயாளியை அவரவர் உள்நுழைவுக்குத் தனித்தனியே வைக்கும்படி மாற்றினான். பிறகு ஓர் அறிக்கையை நீட்டினான்: "பயனர் தவறு. பயிற்சி வழங்கப்பட்டது." என் கையொப்பம் வேண்டுமாம். நான் கடதாசியைத் திருப்பி அவன் பக்கம் தள்ளினேன்.

அறிக்கை என் கையொப்பம் இல்லாமலே கொழும்புத் தலைமையகத்துக்குப் போனது. அடுத்த மாதம் இன்னொரு கிளைக்கும் செயலி எழுதும் பொறுப்பு அவனுக்குக் கிடைத்தது. பஸ்ரியாம்பிள்ளை ஒன்பதாம் நாள் வீடு திரும்பினார். அதற்குப் பிறகு ஜசிந்தா அவரை மருந்துக்கு யாழ்ப்பாணம் கூட்டிப்போனாள். எங்கள் நிலைய வாசலைத் தாண்டித்தான் பேருந்து ஏறுவாள், திரும்பிப் பார்க்கமாட்டாள்.