நூலகக் கூரைமேல் தொப்பிகள்

எங்கள் ஊர் டவுன்ஸ்வில்லின் வெயிலுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரே சட்டம்தான்: தலையில் தொப்பி இல்லையா, மைதானத்தில் கால் வைக்காதே. அந்தச் சட்டத்தை நன்றாகப் புரிந்துவைத்திருந்தவன் என்னோடு ஆறாம் வகுப்பில் படிக்கும் டார்சி. வரும் சனிக்கிழமை நடக்கும் டச் ஃபுட்பால் ஆட்டத்துக்கு அன்று மதியம் ஆள் எடுக்கிறார்கள். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம் அது. ஓட்டத்தில் நான் அவனை முந்திவிடுவேன். என்ன செய்தான் தெரியுமா? என் தொப்பியைப் பிடுங்கி நூலகக் கூரைமேல் வீசிவிட்டான்.

"போய் நிழல்ல உக்காருடி இமோஜன், உருகிடப்போற!"

வந்த ஆத்திரத்துக்கு அவன் காதைத் திருகியிருப்பேன். அதற்குள் விளையாட்டு வாத்தியார் பெல்ஹாம் சார் விசிலோடு வந்துவிட்டார்.

"தொப்பிய மறந்துட்டியாம்மா? நிழலுக்குப் போ."

"மறக்கல சார்! கூரைமேல கெடக்கு, இவன்தான் போட்டான். எடுத்துக் குடுங்க, இல்லன்னா நான் இங்கயே வெயில்ல நிப்பேன்!"

"சரி சரி, கத்தாதே" என்று ஏணியைக் கொண்டுவந்து சாத்தினார். நல்ல மனுஷர்தான். நிழலில் தினமும் ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும். அத்தனையும் மறதிக் கேஸ் என்று நம்பிக்கொண்டிருந்தவர்.

ஏறியவர் மேலே அப்படியே நின்றுவிட்டார். "அட கடவுளே!"

முதலில் என் தொப்பி விழுந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் விழுந்துகொண்டே இருந்தன. வெளுத்தது, கிழிந்தது, பறவை எச்சம் பட்டது. மைதானமே ஓடிவந்தது.

"ஏய், அது என்னோடது!"

"அது எங்க அக்காவோடது!"

"இதத் தொலைச்சேன்னு எங்கம்மா என்ன திட்டு திட்டினாங்க தெரியுமா!"

ஆளாளுக்குச் சிரித்துக்கொண்டே பொறுக்கினார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. இத்தனை பேரா? ஒருத்தராவது வாயைத் திறந்தோமா?

ஒரு சின்னத் தொப்பியை மட்டும் யாரும் எடுக்கவில்லை. திருப்பிப் பார்த்தேன். உள்ளே பெரிய எழுத்தில் டார்சி என்று அவன் அம்மா எழுதியிருந்தார்.

"உன்னுதாடா?"

அவன் முகம் சிவந்துவிட்டது. "மூணாங்கிளாஸ்ல... பெரிய பசங்க போட்டாங்க. எங்கயோ மறந்துட்டேன்னு வீட்ல பொய் சொன்னேன்."

பாவமாகத்தான் இருந்தது. அதற்காக விட்டுக்கொடுப்பேனா?

"இனிமே நீ யாரோட தொப்பியத் தொட்டாலும் என்கிட்ட அடி வாங்குவ. இப்ப வா, ஓடு!"

ஓடினோம். மைதானத்தின் எல்லைக்கோட்டை முதலில் தொட்டது நான்தான். மூச்சு வாங்க இரண்டு பேருமே சிரித்துவிட்டோம்.

"இமோஜன், சனிக்கிழமை நீ ஆடுற!" என்று மேலிருந்தே கத்தினார் பெல்ஹாம் சார். கூரைமேல் தொப்பிகள் இன்னும் தீரவில்லை, அவரும் இறங்கவில்லை. தொப்பிகளை எறிந்துகொண்டே இருந்தார்.