எப்போதும்வென்றான் இளவரசி

கோவில்பட்டி டேவிட்சன் வீட்டு அலமாரியில் இருந்த ஐரோப்பிய ராஜாக்களும் ராணிகளும் மூன்றாவது கோடையில் கறுத்துப்போனார்கள். முதலில் மூக்கு, பிறகு நெற்றி, வைகாசி முடிவதற்குள் கழுத்துவரை. வாங்கிய அன்று பால் நிறத்தில் இருந்த தளபதி ஒருவர், பருத்தி எடுத்துவிட்டு வந்தவரைப்போல் ஆனார். தெருவில் யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. கரிசக்காட்டு வெயில் ஆள் பார்த்தா அடிக்கும் என்றார்கள்.

டேவிட்சன் மணியாச்சி ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் சேர்த்தவை உள்ளங்கை அகலக் கண்ணாடியில் வண்ணம் தீட்டிய பழைய உருவப்படங்கள். விளக்குப் பெட்டியில் அதைச் செருகினால் எதிரே கட்டிய ஈர வேட்டியில் ஆள் உயரத்துக்கு முகம் விழும். சினிமா வருவதற்கு முன் பாதிரிமார் மாட்டுவண்டியில் கொண்டுவந்து ஊர் ஊராகக் காட்டியது இதைத்தான். பன்னிரண்டு படங்கள் கொண்ட அரச வரிசை ஒன்றில் கடைசிப் படம் மட்டும் அவருக்குப் பல வருஷம் அகப்படவில்லை. முத்துமாலை போட்டு, பக்கவாட்டில் திரும்பி நிற்கும் ஓர் இளவரசி. கொடைக்கானலில் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தபோது கிடைத்தாள். மகளுக்கு மாப்பிள்ளை தேடியபோதுகூட இந்த மனுஷன் இவ்வளவு அலையவில்லை என்பது மனைவி ரூபியின் கட்சி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருக்காரர்களுக்குப் படம் காட்டுவார். ரூபி எல்லோருக்கும் சுக்குக்காப்பி கொடுப்பாள்.

அப்படிப் பார்க்க வந்தவர்களில் ஒருத்தி பக்கத்து வீட்டுச் செல்வமாரி. தீப்பெட்டி ஆபீசில் வேலை. சொந்தமாக வீடு கட்டி, ஆவணியில் பால்காய்ச்ச நாள் குறித்திருந்தாள். அவளுக்குப் பேச்சு வருமுன்பே தாய் காய்ச்சலில் போய்விட்டாள், ஒரு படம்கூட இல்லை. புது வீட்டில் பெற்றவள் படத்துக்கு மாலை போடாமல் பால் பொங்கவைக்க அவளுக்கு மனம் வரவில்லை. படமில்லாமல் செத்தவர்களுக்கு இந்தப் பக்கத்தில் ஒரு வழி உண்டு. ஜாடையுள்ள உறவுக்காரியை ஸ்டுடியோவில் உட்காரவைத்துப் படமெடுத்து, அதையே மாட்டிவிடுவார்கள். செல்வமாரியின் தாய்க்கு உடன்பிறந்தவர்கள் இல்லை, செல்வமாரியோ அப்பாவை உரித்து வைத்தவள். உயிரோடிருப்பவர்களில் தாயின் முகம் தெரிந்தவள் எப்போதும்வென்றான் கிராமத்தில் இருந்த பெரியம்மா, அப்பாவின் அண்ணன் மனைவி, ஒருத்திதான். விசேஷத்துக்கு உதவ வந்திருந்த அவள், ஒரு ஞாயிறு அந்த இளவரசி வேட்டியில் விழுந்ததும், கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டு, மோவாயும் காதும் அப்படியே உன் அம்மாதான் என்று சொன்னாள். செல்வமாரி எழுந்து கிட்டே போனாள்.

"எம்மா, இங்கன பாரும்மா."

இளவரசி திரும்பிப் பார்த்தாள். அந்த வாரத்திலேயே முத்துமாலை மறைந்து பாசிமணி வந்தது, அடுத்து மூக்குத்தி. ஆடி பிறந்தபோது கண்டாங்கிச் சேலையில் இருந்தாள்.

டேவிட்சன் இடிந்துபோனார். கறுத்ததையாவது பொறுத்துக்கொண்டார், இது வரிசையையே கெடுத்துவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு, பைபிள் வாசிக்கும் குரலில், இளவரசியை அவளுடைய அரச பட்டத்தைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். அவள் ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சென்னையில் கண்காட்சி வைக்கவிருந்த பாலகணேஷ் என்பவர் வரிசையை எடுத்துப்போக வந்தார். இந்தப் பெண்மணி எந்த அரச வம்சத்திலும் இல்லை, ஆனாலும் ஏசி அறையில் பூட்டிவைத்தால் மழைக்காலத்துக்குள் பழைய நிறமும் முத்துமாலையும் திரும்பிவிடும் என்றார். பன்னிரண்டும் இருந்தால்தான் டேவிட்சன் பேர் போட்டு வைக்கமுடியும் என்பதையும் சொன்னார். அந்தப் பேருக்காகத்தான் டேவிட்சன் இத்தனை காலம் அலைந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது செல்வமாரி வந்து வாசலில் நின்றாள்.

"அண்ணாச்சி, அவிய ராணின்னா கொண்டு போகச் சொல்லுங்க. எங்கம்மான்னா விட்டுட்டுப் போகச் சொல்லுங்க."

டேவிட்சன் வெகுநேரம் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவும் இல்லை. பிறகு அதைத் துண்டில் சுற்றி அவள் கையில் கொடுத்தார். பதினொரு படங்கள் சென்னைக்குப் போயின. அங்கே ஒரு மூலையில் யார் பேரும் இல்லாமல் இருக்கின்றன.

பால்காய்ச்சு அன்று விளக்குப் பெட்டியை டேவிட்சனே தூக்கிவந்தார். புதுச் சுண்ணாம்புச் சுவரில் தாய் விழுந்தாள், மாலையைச் சுவரோடு சேர்த்து ஆணியில் தொங்கவிட்டார்கள். வந்தவர்களுக்கு ஒரே ஒரு குறை. இருபத்திரண்டு வயதில் செத்தவள் அந்த வயதிலேயே நின்றாள், மகளுக்கோ நாற்பது நெருங்கியிருந்தது. யார் தாய், யார் மகள் என்று ஒருத்தி கேட்டே விட்டாள். செல்வமாரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தை பிறப்பதற்குள் சுவரில் இருந்தவளுக்குக் காதோரம் நரைத்து, கன்னம் ஒட்டி, கண்ணைச் சுற்றிச் சுருக்கம் விழுந்தது. பிள்ளை வளர்த்தவளுக்கு நரைக்காமல் என்ன செய்யும் என்று ரூபி சொன்னாள், எல்லோருக்கும் அது சரியாகவே பட்டது.