பசறை ஏற்றத்தில் கழன்ற பெல்ட்

மூன்றாவது தடவையும் பெல்ட் கழன்று விழுந்தபோது கணபதி பசறை ஏற்றத்தில் லொறியை ஓரங்கட்டிவிட்டுக் குதித்து இறங்கினான்.

மடுல்சீமைத் தோட்டத்து லொறிக்கு அவன்தான் டிரைவர். பின்னால் பதுளை ஸ்டேஷனுக்குப் போகிற தேயிலைப் பெட்டிகள். முன்னால் அவன் பக்கத்தில் மனைவி ரெங்கம்மா, அவள் மடியில் நாலு வயது மகள் ராசம்மா. பிள்ளைக்குத் தொண்டை வீங்கி அடைத்து, மூச்சு சீட்டியடித்து வந்தது. "வெயில் ஏறுறதுக்குள்ள பதுளை ஆஸ்பத்திரியில சேத்துரு, இல்லாட்டி புள்ள தங்காது" என்று தோட்டத்து மருந்தய்யா கையை விரித்துவிட்டார்.

பெல்ட் என்றால் என்ன பெரிய சாமானா? இரண்டு விரல் அகலத் தோல் வார். எஞ்சினுக்கு முன்னால் விசிறியைச் சுற்ற வைப்பது அதுதான். விசிறி நின்றால் ஏற்றத்தில் தண்ணீர் கொதித்து வண்டி படுத்துக்கொள்ளும். சனியன், நேரம் பார்த்துக் கழுத்தறுத்தது!

முதல் தடவை எடுத்து மாட்டினான். இரண்டாம் தடவை, வார் இளகிவிட்டது என்று நினைத்து ஓரங்குலம் வெட்டி, துளை போட்டுக் கோத்தான். அதிலேயே முக்கால் மணி போயிற்று. "புதுசுன்னு சொல்லி என் தலையில கட்டிட்டாரே அந்த ஷுக்ரி நானா!" என்று பதுளைக் கடைக்காரரை வாய் ஓயாமல் திட்டினான். பாவம், அந்த மனுஷன் எந்தப் பாவமும் அறியாதவர்.

இப்போது வாரை இறுக்கிப் பிடித்தான். கையில் நிற்காமல் வழுக்கியது. மோந்து பார்த்தான். நல்லெண்ணெய்! உள்பக்கம் குங்குமம் வேறு.

நேற்று ஆயுத பூசை. தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்திக்கும் மண்வெட்டிக்கும் எண்ணெய் தடவிப் பொட்டு வைத்த ரெங்கம்மா, புருஷன் சோறு போடுகிற லொறியை மட்டும் விடுவாளா? மாட்டுவண்டிக்காரர் மகள் அவள். தோல் வாருக்கு எண்ணெய் போட்டால்தான் உழைக்கும் என்று பார்த்து வளர்ந்தவள். ஒரு கை அதிகமாகவே பூசியிருந்தாள்.

"என்னாங்க ஆச்சு?" அவள் எட்டிப் பார்த்தாள். அவன் கையில் மினுங்கிய எண்ணெயைக் கண்டதும் முகம் வெளிறிப்போனது. "நேத்து நான் எண்ண போட்டேனே... அதுனாலயா?"

அடிப் பாவி என்று வாய் வரைக்கும் வந்தது. மடியில் பிள்ளை ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையில் தவித்துக்கொண்டிருந்தது. அவன் வந்த சொல்லை விழுங்கிவிட்டான்.

"எண்ணையாவது ஒண்ணாவது! பெல்ட்டு பழசு புள்ள. நீ அவ மூஞ்சியப் பாரு."

அவளுக்கு முதுகைக் காட்டி நின்று, தலைப்பாகையைக் கிழித்துப் பெட்ரோலில் நனைத்து வாரைத் தேய் தேய் என்று தேய்த்தான். ரோட்டு வேலைக்காரர்கள் தேத்தண்ணி காய்ச்சிய அடுப்பில் சாம்பல் கிடந்தது. அதையும் அள்ளிப் பூசினான். மாரியாத்தா, இந்த ஒரு தடவை!

பெல்ட் கழலாமல் நின்றது. ஏற்றம் முழுக்க அவன் காது எஞ்சினில் பாதி, பிள்ளை மூச்சில் பாதி.

பதுளை ஆஸ்பத்திரிக்காரர்கள் பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். வெகு நேரம் கழித்து ஒரு நர்ஸம்மா வெளியே வந்தாள். "உசிரு பொழச்சிருச்சு. தொண்டையில ஓட்ட போட்டுத்தான் மூச்சு விட வச்சிருக்கு. ஒரு மணி நேரம் முந்தி வந்திருந்தா வெட்டியிருக்க வேணாம். கொரல் வருமோ என்னமோ, பொறுத்துத்தான் பாக்கணும்."

ரெங்கம்மா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். கணபதி பக்கத்தில் குந்தினான்.

"பெல்ட்டு பழசு புள்ள" என்றான், அவள் கேட்காமலே. "நான்தான் பாக்காம விட்டுட்டேன்."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

"பொய்யுன்னு தெரியுதுங்க" என்றாள். "நாளைக்கும் இதையே சொல்லுங்க."