எசனைச் சுற்றி அசல் மெக்சிக்கோச் சாப்பாடு

1.

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய் சொன்னவள் நான். முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு எழுதினவள் ஏமாற்றிவிட்டாள் என்று யாரும் சண்டைக்கு வரக்கூடாது.

2006ஆம் ஆண்டு மாசி மாதம், போஹும் பல்கலைக்கழகச் சாப்பாட்டுக் கூடத்தில் வைத்து எமிலியோ கேட்டான், "உன் அப்பாவுக்கு என்ன வேலை?" எமிலியோ மெக்சிக்கோவில் புவெப்லா என்ற நகரத்தவன். பொறியியல் படிக்க வந்தவன். நாங்கள் காதலிக்கத் தொடங்கி அப்போது இரண்டு மாதம். சமையல்காரர் என்றேன். என்ன சமையல் என்றான். மெக்சிக்கோச் சமையல் என்றேன். அவன் சிரித்துவிட்டான்.

கெட்ட சிரிப்பில்லை. யாழ்ப்பாணத்துக் குருநகரில் பிறந்த மனிதர் ஜெர்மனியில் நின்று மெக்சிக்கோச் சாப்பாடு சமைக்கிறார் என்றால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். எனக்கோ சுர்ரென்று ஏறிவிட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "சிரிக்காதே. அப்பா சமைப்பது அசல். மெக்சிக்கோக்காரரே தேடி வந்து சாப்பிடுகிறார்கள்" என்றேன்.

அதுவரை அப்பா சமைத்த உணவகத்துக்கு ஒரு மெக்சிக்கோக்காரர் தவறியும் வந்ததில்லை.

2.

கதையை எப்படித் தொடங்குவது என்று மூன்று தரம் எழுதிப் பார்த்தேன்.

"எசன் நகரத்தின் சாம்பல் நிற வானத்துக்குக் கீழே ஒரு மனிதர்" (வானம் தன்பாட்டில் இருக்கட்டும். விடு.)

"சூசைதாசன், வயது நாற்பத்தொன்பது, மனைவி பற்றிமா, ஒரே மகள்" (இது வெளிநாட்டவர் அலுவலகத்தில் நிரப்புகிற படிவம்.)

"அப்பா அந்தத் திங்கட்கிழமை காலையில்" (இங்கேதான் நின்றுபோனேன். அப்பா என்று எழுதினால் மூக்கடைக்கிறது, அடுத்த வரி வரமாட்டேன் என்கிறது. ஆகவே கதைக்குள் அவர் சூசைதாசன். அம்மா பற்றிமா. நான் பிறேமா. அந்தப் பிறேமாவை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அதுவும் வசதிதான்.)

3.

எசன் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத்தில், வாசலில் பிளாஸ்டிக் கள்ளிச்செடி வைத்த உணவகம் ஒன்றில் சூசைதாசன் பதினொரு வருடமாகச் சமைத்துக்கொண்டிருந்தார். முதலாளி குரோஷியாக்காரர். விருந்தினர் ஜெர்மன்காரர். குசினியில் நின்றவர்கள் எல்லோரும் நம்மவர்கள். சீஸ் உருக்கி ஊற்றின சோளப் பொரியல், அவரை விதை போட்ட இறைச்சிக் குழம்பு, சூட்டோடு சீறிக்கொண்டு போகிற இரும்புச் சட்டி. இதுதான் மெக்சிக்கோ என்று முதலாளி சொன்னார். சூசைதாசனுக்கு வேறு மெக்சிக்கோ தெரியாது.

சித்திரையில் பிறேமா வந்து குசினி வாசலில் நின்றாள். வீட்டுக் குசினி. சூசைதாசன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, எமிலியோவின்ரை அம்மா ஆனியிலை வாறா. உலகக்கிண்ண மட்ச் பாக்க. உங்கடை கையாலை சாப்பிட வேணுமாம்."

"வரட்டுமே. அதுக்கேன் மூஞ்சையை இப்பிடி வைச்சிருக்கிறாய்?"

"நீங்கள் சமைக்கிறது அசல் எண்டு அவனிட்டைச் சொல்லிப்போட்டன். மெக்சிக்கோக்காரரே வந்து சாப்பிடுறவை எண்டும் சொல்லிப்போட்டன்."

அவர் கத்தியை வைத்தார். ஏசுவார் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் கையைக் கழுவிவிட்டு, "அந்த மனுசி எந்த ஊர்?" என்று மட்டும் கேட்டார்.

அவள் போனபிறகு பற்றிமாதான் பொரிந்து தள்ளினார். "சொன்னவளைப் பிடிச்சு நாலு பேச்சுப் பேசாமல் ஊர் பேர் விசாரிக்கிறீங்களோ?"

"பிள்ளை ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுது, பற்றிமா. அது பொய்யாப் போகக்கூடாது."

"இனி என்ன செய்யப்போறியள்?"

"பழகினால் உண்மையாப் போகுது. அசல் சமையலைப் பழக ஒரு மாசத்துக்கு மேலை கிடக்கு."

(இந்தப் பேச்சை நான் கேட்கவில்லை. அம்மா பிறகு சொன்னது. "பழகினால் உண்மையாப் போகுது" என்று அவர் உண்மையிலேயே சொன்னாரா, அம்மா கூட்டிச் சொன்னாரா தெரியாது. வெட்ட மனம் வரவில்லை.)

4.

அசல் மெக்சிக்கோச் சாப்பாடு பக்கத்தில் எங்கே கிடைக்கும் என்று இணையத்தில் தேடி, நட்சத்திரப் புள்ளிகளோடு பதினொரு விலாசங்களை அச்செடுத்துக் கொடுத்தவள் பிறேமா. அதையும் சொல்லத்தான் வேண்டும். டோர்ட்முண்டிலிருந்து பான் வரைக்கும் விலாசங்கள். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அவருக்கு ஓய்வு திங்கட்கிழமை. டோர்ட்முண்டுக்கு ரயில் ஏறிப் போய், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போடுகிற சட்டையோடு அந்த உணவகத்து வாசலில் நின்றார். பூட்டு. எல்லா உணவகத்துக்கும் திங்கட்கிழமைதான் பூட்டு என்பதைப் பதினொரு வருடம் திங்கட்கிழமைகளில் வீட்டில் இருந்த சமையல்காரர் மறந்துபோயிருந்தார்.

வேறு யாராயிருந்தாலும் திரும்பியிருப்பார்கள். சூசைதாசன் பின்பக்கம் போனார். பூட்டிய நாளில்தான் குசினியைத் தேய்த்துக் கழுவுவார்கள், அப்போது பின்கதவு திறந்திருக்கும். அது அந்தத் தொழிலில் நின்றவர்களுக்குத் தெரியும்.

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே ஒருவர் ஏணியில் நின்று புகைக்கூட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சூசைதாசன் தன் வேலைத்தல ஜெர்மன் மொழியில் மெக்சிக்கோச் சமையல்காரரைச் சந்திக்கலாமா என்று பணிவாகக் கேட்டார். ஏணியில் நின்றவர் குனிந்து பார்த்தார்.

"அண்ணை, தமிழோ?"

"ஓம். நீர்?"

"யோகலிங்கம். ஊர் சுன்னாகம். இஞ்சை நான்தான் மெக்சிக்கோ. ஏறிவந்து இதைக் கொஞ்சம் பிடியுங்கோ, விழப்போகுது."

பிறகு இரண்டு பேருமாகப் புகைக்கூட்டைக் கழுவி முடித்தார்கள். அசலைத் தேடிப் போன மனிதர் எண்ணெய் பட்ட பூசைச் சட்டையோடு வீட்டுக்கு வந்தார்.

* அடுத்த இரண்டு திங்கட்கிழமைகளையும் வாசகருக்காகச் சுருக்குகிறேன். டூயிஸ்பூர்க்கில் ஒரு மன்னார்த் தம்பி, டுசல்டோர்ஃபில் மட்டக்களப்பிலிருந்து இரண்டு பேர். மற்ற விலாசங்களை யோகலிங்கம் தொலைபேசியிலேயே வெட்டிவிட்டார்: "போகாதையுங்கோ, அங்கையும் நாங்கள்தான்." எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. அவர் சிரித்துக்கொண்டு வீடு வந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

மிஞ்சினது பான். பட்டியலிலேயே அதிகப் புள்ளிகள் அதற்குத்தான். "இந்தப் பகுதியில் உண்மையான மெக்சிக்கோ இது ஒன்றுதான்" என்று யாரோ எழுதியிருந்தார்கள். திங்கட்கிழமையும் திறந்திருந்தது. சூசைதாசன் வாழ்க்கையில் முதல்முறையாக இப்படியொரு கடையில் விருந்தினராகக் கதிரையில் இருந்து, இறைச்சிக் குழம்பு கேட்டார்.

முதல் கரண்டியிலேயே கையை நிறுத்திவிட்டார். குழம்பில் பெருஞ்சீரகம் இருந்தது.

அந்தக் குழம்புக்குச் சின்னச்சீரகம்தான் போடவேண்டும். 1995இல், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், சனக்கூட்டமான ஒரு சனிக்கிழமையில் சின்னச்சீரகம் முடிந்துவிட்டது. பையிலே வீட்டுக்கு வாங்கின பெருஞ்சீரகப் பொட்டலம் கிடந்தது. வறுத்து, இடித்து, போட்டுவிட்டார். முதலாளி ருசித்துப் பார்த்து, இனி இப்படியே செய் என்றார். அவரிடம் சமையல் பழகின பொடியள் வேறு வேறு ஊர்களுக்கு வேலைக்குப் போனார்கள், குழம்பும் கூடப் போனது.

சமையல்காரர் ஜேசுரட்ணம் மேசைக்கு வந்தார். "எப்பிடி அண்ணை?"

"வடிவாயிருக்கு. ஆரிட்டைப் பழகினனீர்?"

"வுப்பர்டாலிலை ஒராளிட்டை. அவர் எசனிலை பழகினவராம். எசனிலை ஒரு அண்ணை இருக்கிறாராம், அந்த மனுசன் செய்யிறதுதான் அசல் எண்டு கதை."

சூசைதாசன் அது தான்தான் என்று சொல்லவில்லை. கோப்பையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழும்பினார்.

5.

விருந்துக்கு முதல்நாள் சனிக்கிழமை, அவர் பிறேமாவின் அறை வாசலில் வந்து நின்றார்.

"பிள்ளை, தேடிப் பாத்திட்டன். இந்தப் பக்கத்திலை இல்லை. உன்ரை சொல்லைக் காப்பாத்த ஏலாமல் போச்சு. மன்னிச்சுக்கொள்."

அவர், அவளிடம், மன்னிப்பு. இந்த இடத்தில் பிறேமா எழும்பிப் போய் அவரைக் கட்டிப்பிடித்ததாக முதல் பிரதியில் எழுதினேன். பச்சைப் பொய். "பரவாயில்லை அப்பா" என்றாள். அவ்வளவுதான். அவரை மன்னித்துவிட்டாள், பெரிய மனுசி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எமிலியோவும் அவன் தாய் கொன்சுவேலோவும் வந்தார்கள். நல்ல வாட்டசாட்டமான, குரல் பெரிய மனுசி. சூசைதாசன் நண்டுக் குழம்பும் பிட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் செய்து வைத்திருந்தார்.

எனக்குத் தெரியும், நீங்கள் இப்போதே ஒரு முடிவை எழுதிவிட்டீர்கள். கொன்சுவேலோ நண்டை வாயில் வைக்கிறார், கண் கலங்குகிறார், இதுதான் அசல் என்கிறார். நானும் அதைத்தான் முதலில் எழுதினேன். மூன்று பக்கம். அவர் உண்மையிலும் நண்டை விரும்பித்தான் சாப்பிட்டார். ஆனால் கதை நண்டில் இல்லை.

கதை இங்கே இருக்கிறது. யாரும் சாப்பாட்டுக் கோப்பையில் கை வைக்கமுதல் சூசைதாசன் எழும்பி நின்றார். அவர் தமிழில் சொன்னால் பிறேமா ஜெர்மன் மொழியில் சொல்வாள், எமிலியோ தாய்க்கு ஸ்பானிய மொழியில் சொல்வான். அப்படித்தான் ஒழுங்கு.

"அம்மா, நான் சமைக்கிறது உங்கடை நாட்டுச் சாப்பாடு இல்லை. எனக்கு அது தெரியாது. நான்தான் அசல் எண்டு பிள்ளைக்குப் புளுகி வைச்சனான். மெக்சிக்கோக்காரர் வருகினம் எண்டும் நான்தான் சொன்னது. அவ பாவம், நம்பி உங்கடை மகனிட்டைச் சொல்லிப்போட்டா. அவவிலை பிழையில்லை."

பற்றிமாவின் கை அகப்பையோடு அப்படியே நின்றது. எல்லோரும் பிறேமாவைப் பார்த்தார்கள். அவள்தான் சொல்லவேண்டும்.

அ) பிறேமா, "இல்லை, பொய் சொன்னது நான்" என்கிறாள்.

ஆ) பிறேமா, "அப்பா உங்களை வரவேற்கிறார், சாப்பிடட்டாம்" என்று சமாளிக்கிறாள்.

இ) பிறேமா வாய்

(போதும். எத்தனை எழுத்துப் போட்டாலும் நடந்தது ஒன்றுதான்.)

நான் அவர் சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தேன். ஒரு சொல் பிசகவில்லை.

6.

கொன்சுவேலோ கோபிக்கவே இல்லை. விழுந்து விழுந்து சிரித்தார், அப்பாவின் கையில் செல்லமாக ஓர் அடி போட்டார். அன்றிலிருந்து அப்பாவுக்கு அவர் தன் மொழியில் வைத்த பெயர் "புளுகர்." அன்பான பெயர்தான். ஒவ்வொரு தொலைபேசியிலும் "புளுகர் எப்படி இருக்கிறார்?" போன வருடம் புவெப்லாவில் எங்கள் கலியாணத்தில் இருநூறு பேருக்கு முன்னால், "பெற்ற மகளையே ஏமாற்றிய சமையல்காரர் இவர்தான்" என்று அறிமுகம் செய்து வைத்தார். மண்டபம் முழுக்கச் சிரித்தது. அப்பாவும் எழும்பி நின்று கைகூப்பிச் சிரித்தார்.

பக்கத்தில் இருந்த அம்மா என் காதுக்குள் சொன்னார், "உன்ரை கொப்பர் சிரிக்கிறார் எண்டு நினைச்சுக்கொண்டிருக்காதை."

அதற்குப் பிறகுதான் இதை எழுதத் தொடங்கினேன். எழுதிவிட்டால் மனது ஆறும் என்று நினைத்தேன். பாதியில்தான் புத்தியில் தட்டியது: இதை நான் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். உண்மை தெரியவேண்டிய மனுசிக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. எமிலியோவுக்கும் தெரியாது. மூன்று வருடமாக ஒளித்துவைத்ததை இன்னும் நல்ல இடமாகப் பார்த்து ஒளித்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

இன்று 2009 ஆவணி, ஞாயிற்றுக்கிழமை. கொன்சுவேலோ எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு நாள். நான் மேல்மாடியில் இருந்து இதை எழுதுகிறேன். கீழே அப்பாவும் அம்மாவும் வந்துவிட்டார்கள். கொன்சுவேலோ உரத்த குரலில் "புளுகரே!" என்கிறார். அப்பா சிரிக்கிறார். அம்மாவின் சத்தத்தைக் காணோம். எமிலியோ சாப்பிட வரும்படி என்னைக் கூப்பிடுகிறான்.

எனக்கு இப்போது ஸ்பானிய மொழி வரும். நடுவில் யாரும் தேவையில்லை.

ஏழாவது பகுதிக்கு இலக்கத்தை மட்டும் போட்டுவிட்டு எழும்புகிறேன். கீழே போய், நல்ல வெயில் என்று எதையாவது சொல்லிவிட்டு நான் சாப்பிட இருந்துவிடவும் கூடும். என்னை எனக்குத் தெரியும். ஆகவே முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் அழுததாகப் போடுங்கள், கொன்சுவேலோ என்னோடு கோபித்ததாகப் போடுங்கள், எமிலியோ ஒரு மாதம் கதைக்காமல் விட்டதாகக்கூடப் போடுங்கள். அப்பா பொய் சொன்னார் என்று மட்டும் போடவேண்டாம். அதை ஒருமுறை நான் சொல்லிவிட்டேன்.

7.