குனிய மறுத்த முதுகு

சொர்ணம் குனிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. தொண்ணூற்றெட்டு மழைக்காலத்தில் மர்பி டவுன் வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்ததிலிருந்து முதுகுவலி. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. அவள் புருஷன் ஜெயராஜுக்கு அது போதாதா? யார் விசாரித்தாலும் எல்லாம் நடிப்பு என்று சிரித்துக்கொண்டே சொல்லுவான். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்யும் சிந்து, முதுகை அழுத்தி நீவிவிட்டபடியே கேள்வி கேட்கிறவள். குனிந்தால் என்ன ஆகுமென்று பயம், வலிக்கும்போது மனசில் என்ன ஓடுகிறது என்றெல்லாம் கேட்டாள். முதுகை நீவுவதோடு மனசையும் கவனித்தால்தான் இந்த வலி அடங்கும் என்றாள். கூட வந்து, படுக்கையை மறைத்த திரைக்கு அந்தப் பக்கம் இருந்த ஜெயராஜுக்குப் பிடி கிடைத்துவிட்டது. டாக்டரம்மாவே மனசு வியாதி என்று சொல்லிவிட்டதாகத் தெரு முழுக்கப் பரப்பினான்.

அடுத்த வாரம் சொர்ணம் குப்புறப் படுத்தபடியே வெடித்தாள். "உங்களாலதான் மேடம் எம் மானம் போச்சு."

சிந்து முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை. வலி நிஜம், பயமும் கோபமும் தசையை இறுக்கி அதைக் கூட்டுகின்றன, நான் சொன்னது அவ்வளவுதான் என்றாள். பிறகு, குனிய விடாமல் தடுப்பது எது என்று மறுபடியும் கேட்டாள்.

"நான் குனிஞ்சிட்டா, பாத்தியா நடிப்புன்னுவாரு. அப்போ நான் பட்டதெல்லாம் பொய்யாயிடும் இல்ல?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. போயும் போயும் இந்த மனுஷனுக்கு நிரூபிக்கவா வலியைக் கட்டிக்கொண்டு மாரடித்தோம் என்று உடம்பெல்லாம் எரிந்தது. அன்று சிந்து இடுப்பைத் தாங்கிப் பிடிக்க, முழங்கால் வரை குனிந்தாள். வாராவாரம் இன்னும் கொஞ்சம் குனிந்தாள்.

ஒருநாள் காலை குழாயடியில், எல்லோரும் பார்க்க, குனிந்து குடத்தைத் தூக்கினாள். முதுகில் சுரீரென்றது. ஆனாலும் இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். எதிர் டீக்கடையில் இருந்த ஜெயராஜ் பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தான். "நான் சொல்லல? சும்மனே நடிச்சிருக்கா."

அவள் நேராகப் போய் அவன் முன்னால் நின்றாள்.

"குனிஞ்சேன். இப்பவும் வலிக்குது. ரெண்டும் நெசம். நீ நம்பணும்னு இனிமே நான் வெறப்பா நிக்க மாட்டேன்."