விரல் வைத்துப் படித்த சரக்குப் பட்டியல்

1

இந்தக் கதை ஒழுகிய ஒரு குக்கரிலிருந்து பிறந்தது. சோற்றுக் குக்கர் மூடிக்கு ரப்பர் வளையம் விற்கும் கிடங்கு ஒன்றில், கொரியாவின் பூசான் ஊரில், நான் பெட்டி இறக்குகிறவள். எழுத்துக் கற்றது ஐம்பத்து நான்கு வயதில். வாக்கியம் கோணலாக இருந்தால் இருக்கட்டும், திருத்த மாட்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கடற்காற்று வீசிய காலையில் மல்சுன்..." (கிடங்குக்குள் ஏது கடற்காற்று? அட்டைப்பெட்டி வாடைதான். அடித்துவிட்டேன்.)

2

மல்சுனும் பெட்டி இறக்குகிறவள்தான். (நான்தானா என்று கேட்காதீர்கள். அவளுக்கு வாய் அதிகம்.) போன முறை வந்த வளையங்கள் ஒழுகின. இன்னொரு முறை ஒழுகினால் கிடங்கை மூட வேண்டியதுதான். ஐந்து பெண்களுக்கு வேலை போகும். அதனால் வளையம் வாங்க வேறு ஆள் தேடிய முதலாளி தோ கியுசொக், அமெரிக்காவுக்கு (அந்த நாட்டுப் பதிவுதான் காசுக்குக் கிடைக்கும்) யார் என்ன சரக்கு அனுப்பினார்கள் என்ற இறக்குமதிப் பதிவுகளை வாங்கி, கொரிய எழுத்தில் அச்சடித்து வைத்திருந்தார்.

"இதோ, நாலு வருஷத்துல தொள்ளாயிரம் தடவை அனுப்பியிருக்கான். இவன்தான் நம்பகமான ஆளு." ஆர்டர் கடிதத்தில் குத்துவதற்காக முத்திரையைச் சிவப்பு மையில் தொட்டெடுத்தார்.

"இருங்க முதலாளி. நான் இன்னும் படிச்சு முடிக்கல."

"நீங்க முடிக்கறதுக்குள்ள கப்பலே துருப்பிடிச்சிரும், அக்கா!"

பக்கத்தில் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்த இம்சுக் சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

3

மல்சுன் வரிக்கு வரி விரல் வைத்துத்தான் படிப்பாள். தாவிப் படிக்கத் தெரியாது. [இங்கே அவள் கண் கலங்கியதாக எழுதியிருந்தேன். பொய். அவளுக்குக் கோபம்.]

"வளையம் அனுப்பியிருக்கான், சரி. குடை, பொம்மை, நாய்ச் சங்கிலி... அதுவும் இவன்தான். இவன் எதையும் சொந்தமா தயார் செய்யறவன் இல்ல, முதலாளி. ஊரார் பெட்டியக் கப்பல்ல ஏத்திவிடுற ஏஜென்ட்டு."

தோ குனிந்து பார்த்தார். அதுவரை எண்ணிக்கையை மட்டுமே பார்த்திருந்தார்.

"அப்ப வேற யாரு?"

"கீழ இருக்கே, இந்தச் சின்னப் பேரு. ஆறு வருஷமா மாசம் ஒரு தடவை. வளையம் மட்டும். அவன்கிட்ட வாங்குறதும் எப்பவும் ஒரே ஆளு. ஒழுகுறத ஆறு வருஷம் எவன் வாங்குவான்?"

"நேத்து எழுத்துப் படிச்சவங்க எனக்கு யாவாரம் சொல்றீங்களா?"

"நேத்துப் படிச்சதாலதான் ஒரு வரி விடாம படிக்கறேன். நீங்க எந்த வரியப் படிச்சீங்க?"

இம்சுக் இப்போது சிரிக்கவில்லை.

4

எழுதிப் பார்த்த ஒரு முடிவில் முதலாளி தலைகுனிந்தார். (நடக்காது.) இன்னொன்றில் மல்சுன் மன்னிப்புக் கேட்க... (மாட்டாள். கேட்க விடவும் மாட்டேன்.)

ஆகவே இப்படியே விடுகிறேன். ஏஜென்ட்டுக்கான ஆர்டர் கடிதம் மேசைமேல் கிடக்கிறது. முத்திரை முதலாளி கையில், அந்தரத்தில். அது விழவேண்டிய இடத்தில் மல்சுன் விரலை வைத்திருக்கிறாள்.

விரலை எடு என்று நான் எழுத மாட்டேன். நீங்கள் வேண்டுமானால் சொல்லிப் பாருங்கள்.