ஞாயிறு காலி

இதையெல்லாம் நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே உறுதியில்லை. வருடம் தொண்ணூற்றெட்டு என்று நினைக்கிறேன். ஆவுடையம்மாளைக் கேட்டால் தொண்ணூற்றொன்பது என்பாள். அவள் சொல்வதே சரியாக இருக்கலாம். மாதம் ஆவணி, அதில் சந்தேகமில்லை. பேசியவர்களின் சொற்களில் சில இடங்களில் என் சொற்கள் கலந்திருக்கும். அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை.

அப்போது ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தேன். ஆள் வந்தால் பாடம். வராவிட்டால் நூலகப் புத்தகம். வராத நாட்களே அதிகம், அதில் எனக்குக் குறையும் இல்லை. அப்படிப் படித்துக்கொண்டிருந்த ஒரு சித்திரைக் காலையில் சுவரைத் தொட்டபடி ஒரு பெண் படியேறி வந்தாள். முப்பது வயது இருக்கும். கையில் மடக்குக் குச்சி.

"கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்கது இங்கதான?"

"ஆமா, வாங்க."

"எனக்குக் கண்ணு தெரியாது. அத மொதல்லயே சொல்லிருதேன். பொறவு நீங்க தெணறக் கூடாது பாருங்க."

நான் அப்போதே திணறிக்கொண்டுதான் இருந்தேன்.

அவள் பெயர் ஆவுடையம்மாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர்களுக்குச் சொந்தமாக ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. சின்ன வயதில் பார்வை போனவள். பாளையங்கோட்டையில் படித்து டைப்ரைட்டிங்கும் கற்றிருந்தாள். மண்டபத்தை நடத்திவந்த அப்பா அந்தப் பங்குனியில் இறந்துபோனார். அண்ணன் காளிராஜுக்கு ராஜபாளையத்தில் பஞ்சு வியாபாரம். மண்டபத்தைக் கவனிக்க நேரமில்லை. சிவகாசிக்காரர் ஒருவருக்குக் கான்ட்ராக்ட் விட்டுவிடலாம் என்று அவர் முடிவு செய்திருந்தார். விட்டால் அலுவலக அறையிலிருந்து சமையல்கட்டு வரை எல்லாம் அந்த ஆள் கைக்குப் போய்விடும். அப்பா இருந்தபோது போன் எடுப்பதும், மண்டபம் கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்வதும், சமையல் ஆட்களை அனுப்புவதும் அவள்தான். தேதி எழுதுவது மட்டும் அப்பா.

"அந்தத் தேதிய மட்டும் நானே எழுதி நானே படிச்சுட்டா, வேற எவனும் வேண்டாம்" என்றாள். "அண்ணன்கிட்ட ஒரு வருசம் கேட்டேன். சரின்னுட்டான். ஆனா ஒரு கல்யாணத்துல தேதி கொளறுனாலும் மறுநாளே கான்ட்ராக்டுல கையெழுத்துப் போட்டுருவேன்னு சொல்லிட்டான்."

பைக்குள்ளிருந்து ஒரு சி.டி.யை எடுத்தாள். கூடப் படித்த தோழி சென்னையிலிருந்து அனுப்பியதாம். கம்ப்யூட்டர் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள். நான் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை. போட்டோம். ஸ்பீக்கரில் ஓர் ஆண் குரல், ஜலதோஷம் பிடித்த வெள்ளைக்காரன் மாதிரி, நான் எந்தப் பொத்தானில் இருக்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னது. ஆவுடையம்மாள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே நான் மறுவாரம் ஒரு பழைய கம்ப்யூட்டரை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன் என்று சொன்னால் அது பொய்யாகாது.

மண்டப அலுவலகத்தில் அதை வைத்தோம். அலுவலக வேலைகளுக்கான ஒரு மென்பொருள் தொகுப்பில் காலண்டரும் இருந்தது. மாதம் முழுவதும் கட்டம் கட்டமாகத் தெரியும். அம்புக்குறி விசையை அழுத்தினால் ஒரு நாளிலிருந்து அடுத்த நாளுக்குப் போகலாம். குரல் தேதியைச் சொல்லும். அந்த நாளில் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் சொல்லும். எழுதாத நாளுக்குத் தேதி மட்டும், பிறகு அமைதி. அந்த அமைதி வந்தால் நாள் காலி என்று அர்த்தம். முகூர்த்த நாட்களை நான் சுவர்க் காலண்டரைப் பார்த்துச் சொல்ல, அவள் ஆங்கில எழுத்தில் அடித்து வைத்துக்கொண்டாள்.

சி.டி. மாதிரிக்குக் கொடுத்தது. அதனால் முக்கால் மணி நேரம்தான் பேசும். பிறகு கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால்தான் மறுபடி வாய் திறக்கும். தேதி கேட்டு வந்தவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே குரல் நின்றுவிடும்.

"செத்த இருங்கண்ணே. அதுக்கு மூச்சு வாங்குது" என்பாள்.

"சோடா கீடா வாங்கியாரவாம்மா?" என்று ஒருவர் கேட்டார்.

வைகாசியும் ஆனியும் ஒழுங்காகப் போயின. நான் வாரம் ஒரு முறை போவேன். வேலை இருந்தால் செய்வேன். இல்லாவிட்டால் காலியான மண்டபத்தில், அடுக்கிய நாற்காலிகளுக்கு நடுவே இரண்டை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்போம். அவளுக்குப் பேச்சு வேண்டியிருக்கவில்லை. எனக்கும். மேலே புறாக்கள் இறக்கை அடிக்கும். அரை மணி நேரம் கழித்து, "சரி, காபி போடுதேன்" என்று எழுந்துபோவாள். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நிம்மதியாக வேறெங்கும் உட்கார்ந்திருந்ததில்லை.

ஆடி முடிந்து ஆவணி பிறந்த வாரத்தில் போன் வந்தது.

"பொன்னுராஜண்ணே, இன்னைக்கே வாரியளா?"

போனேன். காளிராஜ் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். மேசைமேல் மஞ்சள் தடவிய இரண்டு கல்யாணப் பத்திரிகைகள். மண்டபத்துக்கு மரியாதையாக வைத்துவிட்டுப் போனவை.

"நீங்களே படிங்க சார்" என்றார்.

ஒன்று தளவாய்புரத்து மாப்பிள்ளை வீடு. ஞாயிறு காலை முகூர்த்தம், அன்றே மாலை ஆறு மணிக்கு வரவேற்பு. மற்றது செட்டியார்பட்டிப் பெண் வீடு. திங்கள் காலை முகூர்த்தம், முதல் நாள் ஞாயிறு மாலை பெண் அழைப்பு. இரண்டிலும் எங்கள் மண்டபத்தின் பெயர்.

"ஒரே சாயங்காலம் ரெண்டு பொண்ணு மாப்பிள்ளை! யாரு கழுத்துல யாரு மாலையப் போடுவான்னு தெரியல. ஏட்டி, ஒன் வெள்ளக்காரன் என்ன சொன்னான்?"

"ஞாயித்துக்கெழம காலின்னு சொன்னான்" என்றாள் ஆவுடையம்மாள்.

"அப்ப அவனையே வந்து பந்தி பரிமாறச் சொல்லு. நான் சிவகாசிக்காரர ஞாயித்துக்கெழமையே வரச் சொல்லிருதேன். வந்து கூத்தப் பாத்துட்டுக் கையெழுத்து வாங்கிட்டுப் போகட்டும்."

அவர் போய்விட்டார். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. தளவாய்புரத்துக்காரர்களுக்குச் சனிக்கிழமை மத்தியானம் முதல் ஞாயிறு இரவு வரை மண்டபம் வேண்டும் என்பதால், அவள் அதை ஒரே பதிவாக அடித்திருந்தாள். திரையில் அது சனியில் தொடங்கி ஞாயிறு வரைக்கும் நீளமான ஒரு பட்டையாக ஓடியது.

"இங்க தெரியுதே, ரெண்டு நாளைக்கும் சேத்து" என்றேன்.

"எங்க?"

அவள் அம்புக்குறியை அழுத்தினாள். சனி என்றது குரல், தளவாய்புரம் என்றது. மறுபடி அழுத்தினாள். ஞாயிறு என்றது. பிறகு அமைதி. தொடங்கிய நாளில்தான் அது பதிவைப் படித்தது. பட்டை நீண்டுபோன நாளில் வாயைத் திறக்கவில்லை. செட்டியார்பட்டிப் பதிவைத் திறந்து பார்த்தேன். மேலே மஞ்சளாக ஒரு கோடு, அதற்குள் சிறிய எழுத்தில், இந்த நேரத்தில் வேறொரு பதிவு இருக்கிறது என்று எச்சரிக்கை. அதையும் குரல் படிக்கவில்லை. மென்பொருள் எச்சரித்துத்தான் இருக்கிறது. கண்ணுள்ளவர்களை மட்டும்.

வெகுநேரம் இருவரும் அப்படியே இருந்தோம். எங்கள் வழக்கமான மௌனம் அல்ல அது. நான், இனிமேல் தினமும் வந்து ஒரு முறை பார்த்துவிட்டுப் போகிறேன் என்று சொல்ல நினைத்தேன். அதைச் சொல்லாமல் விட்டது நல்லதாயிற்று.

"அண்ணே, திரையில என்னவெல்லாம் இருக்கு, இது எதையெல்லாம் வாயில சொல்ல மாட்டேங்குது, ஒண்ணுவிடாமச் சொல்லுங்க" என்றாள்.

மத்தியானம் முழுவதும் சொன்னேன். மஞ்சள் கோடு, ஓரத்தில் குட்டி மணிப் படம், விஷயமுள்ள நாட்களில் மட்டும் தடித்திருக்கும் தேதி. வாராவாரம் நான் பார்த்துக்கொண்டிருந்த திரையில் இத்தனை இருப்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. கேட்டு முடித்ததும் அவள் விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள்.

"இவன் ஒரு பதிவ ஒரு நாளுலதான் சொல்லுவான். அப்ப நானும் நாளுக்கு ஒண்ணா எழுதணும். வந்து எறங்குத நாள் தனி, கல்யாண நாள் தனி."

நீளமான பதிவுகளையெல்லாம் உடைத்து நாளுக்கு ஒன்றாக எழுதினாள். தை வரைக்கும் போனாள். நடுவே குரல் நின்றபோதெல்லாம் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். வேறெங்கும் மோதல் இல்லை. எழுதி முடித்துவிட்டுக் குச்சியை எடுத்தாள்.

"தளவாய்புரம் பஸ் எத்தன மணிக்கு?"

தளவாய்புரத்தில் மாப்பிள்ளையின் அப்பா மலைச்சாமி, பட்டாளத்தில் இருந்து வந்தவர். அவள் நடந்ததைச் சொல்லி, தப்பு தன்னுடையது என்றாள். அவர் எழுந்துவிட்டார்.

"பத்திரிக்க அடிச்சு ஊரெல்லாம் குடுத்தாச்சு! இப்ப வந்து மண்டபம் இல்லன்னா, ரோட்டுலயா நிப்பாட்டுவேன் என் மகன?"

"இல்லன்னு சொல்லல மாமா. ஆறு மணிக்கு ஒங்களுக்குத்தான். எத்தன மணிக்கு முடிப்பியன்னு கேக்க வந்தேன்."

"அது எப்பிடிச் சொல்ல முடியும்? அவன் போலீசு. கூட வேல பாக்கவன் அம்புட்டுப் பேரும் மதுரையிலேருந்து வருதான்."

உள்ளிருந்து அவர் மனைவி முத்துப்பேச்சி வந்தாள். "அம்புட்டுப் பேரும் வருதான், சோத்தத் திம்பான், வேனப் புடிச்சு ஓடிருவான். மறுநாள் டியூட்டி இருக்குல்ல? எட்டு மணிக்கு மேல ஒரு தொப்பி இருந்தா என்னக் கேளுங்க. இவுகதான் தனியா மேடையில ஒக்காந்திருப்பாக."

"நீ சும்மா இரு."

"இருக்கேன். எட்டு மணின்னு எழுதிக்கோம்மா."

செட்டியார்பட்டியில் பெண்ணின் அம்மா இருளம்மாள் பேச்சை முழுதாகக் கேட்கக்கூட இல்லை. "எங்க ஆளுக எல்லாம் மில்லு ஆளுக, ஞாயித்துக்கெழமையும் ஷிப்ட் உண்டு. வேல முடிஞ்சு குளிச்சுக் கெளம்பி வாரதுக்கே ஒம்பது மணி ஆயிரும். சாயங்காலமே மண்டபத்த வச்சு நான் என்ன பண்ண? ஆனா ஒண்ணு. மேடையில இன்னொருத்தி பேரு இருக்கக் கூடாது. என் மக வாரப்ப அவ பேருதான் இருக்கணும்."

"இருக்கும் அத்த" என்றாள் ஆவுடையம்மாள்.

திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் காற்று வாங்கியபடி வந்தாள். இருவரும் ஒன்றும் பேசவில்லை. இது பழைய மௌனம்தான்.

ஞாயிற்றுக்கிழமை முத்துப்பேச்சி சொன்னதுபோலவே எட்டு மணிக்குக் கூட்டம் கரைந்தது. பந்தியில் இலை எடுத்த கையோடு தரையைக் கழுவிவிட்டார்கள். மேடையில் ஜிகினாத் தாள் ஒட்டிய தெர்மாகோல் எழுத்துகளில் இருந்த பெயர்களை நான் ஏணியில் ஏறி ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் மலைச்சாமி.

"பாத்து ஏய்யா, என் மகன் பேர ஒடச்சுராத. வீட்டுல மாட்டணும்."

ஆவுடையம்மாள் கீழே நின்று புதுப் பெயரின் எழுத்துகளைத் தடவிப் பார்த்து வரிசையாக எடுத்துக் கொடுத்தாள். கடைசி எழுத்து ஏறவும் தெருமுனையில் மேளச் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. இருளம்மாள் உள்ளே நுழைந்ததும் மேடையைத்தான் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்துத் தலையசைத்தாள்.

காளிராஜும் சிவகாசிக்காரரும் வாசல் ஓரமாக நின்று முழுவதையும் பார்த்திருந்தார்கள். சிவகாசிக்காரர் கையில் காகிதங்கள் இருந்தன.

"அப்ப எப்ப மண்டபத்தக் கைமாத்தி விடுதிய?"

காளிராஜ் மீசையைத் தடவிக்கொண்டார்.

"இப்போதைக்கு இல்லண்ணாச்சி."

"தேதி கொளறிப்போச்சுன்னு நீங்கதான போன் போட்டிய?"

"கொளறுனது நெசந்தான். எங்கப்பாவுக்கும் ஒருவாட்டி இதே மாதிரி ரெண்டு கல்யாணம் ஒரே நாளுல மாட்டிக்கிச்சு. அவரு என்ன பண்ணுனாரு தெரியுமா? கிருஷ்ணன்கோவில்ல சொந்தக்காரர் வீட்டுல போயி ஒளிஞ்சுக்கிட்டாரு. ரெண்டு வீட்டுக்காரனும் என்னையப் புடிச்சுக்கிட்டான். இவ வீடு தேடிப் போயிச் சொல்லிட்டு வந்திருக்கா. நடத்தட்டும்."

"நானும் மக கல்யாணத்துக்கு மண்டபம் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார் சிவகாசிக்காரர், கோபமா கிண்டலா என்று தெரியாத குரலில்.

"தேதியெல்லாம் தங்கச்சிகிட்டதான் கேக்கணும்" என்றார் காளிராஜ்.

சிவகாசிக்காரர் தன் மகள் கல்யாணத்தை விருதுநகரில் நடத்தினார். தளவாய்புரத்து மாப்பிள்ளை இன்ஸ்பெக்டராகிவிட்டார். இருளம்மாளின் மகள் திருப்பூரில் இருக்கிறாள். காளிராஜ் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. பஞ்சு வியாபாரத்தை அவர் மகன் பார்க்கிறான். என் கம்ப்யூட்டர் சென்டரை மூடிவிட்டு, அதே மாடியில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் வேலை செய்கிறேன். ஆவுடையம்மாள் மண்டபத்தை நடத்துகிறாள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நானும் செய்துகொள்ளவில்லை. வாரம் ஒரு முறை ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வருகிறேன்.